கதைப் புத்தகம் படிப்பது குற்றமா?

(கோடை விடுமுறையில் அரியலூரில் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேள்விப்பட்டதும் நம் தோழர்களில் சிலர் சிரித்தார்கள். "நாட்டில் எத்தனையோ சங்கதி இருக்க, காதல் கதையையும் துப்பறியும் கதையையும் பற்றிப் பேசவா பெரம்பலூரிலிருந்து பஸ் ஏறி வந்தாய்?" என்று ஒருவர் கேட்டார். ஆம், அதற்காகத்தான் வந்தேன். இது அற்ப விஷயமல்ல என்பது என் அபிப்பிராயம். நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

இது சித்திரை மாதம். நம் பக்கத்து வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் வீடு வந்து சேர்ந்து காடு வெறுமையாய்க் கிடக்கிறது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் காலையில் முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர்கள் உச்சிவெயிலுக்கு முன் வீடு திரும்பிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் மூன்று மணி நேரம் மனிதன் நிழலில்தான் கிடந்தாக வேண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவன் சீட்டாடினால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசினாலும் கேட்பதில்லை. ஆனால் ஒரு பெண் மாத நாவல் ஒன்றைக் கையில் எடுத்துவிட்டால் மாத்திரம், "வெட்டிப் படிப்பு", "குடும்பப் பெண்ணுக்கு இது ஏன்?" என்று நாலு பக்கமும் குரல் கிளம்புகிறது. இது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றேன்.

இந்தக் கண்டிப்பு இன்று நேற்று வந்ததல்ல. தமிழில் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் 1879-ல் வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்தவர். அந்தக் கதையில் ஞானாம்பாள் என்ற பெண் ஆண் வேஷம் போட்டுக்கொண்டு ஒரு ராஜ்யத்தையே ஆளுகிறாள். சிரிக்கவும் ரசிக்கவும் எழுதிய கதைதான். ஆனால் பெண் ஆளலாம் என்ற எண்ணம் அந்தச் சிரிப்போடு சிரிப்பாக வீட்டுக்குள் நுழைந்துவிட்டது.

பிறகு ஆரணி குப்புசாமி முதலியார் வெளிநாட்டுத் துப்பறியும் கதைகளைத் தமிழ்ப்படுத்தினார். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் மர்மக் கதைகளாக எழுதிக் குவித்தார். "இவை ஜனங்களைக் கெடுக்கின்றன" என்று பண்டிதர்கள் சொன்னார்கள். ஜனங்களோ, கையிலிருந்த காசைக் கொடுத்து வாங்கிப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிறர் படிக்கக் கேட்டார்கள்.

வை. மு. கோதைநாயகி அம்மாள் சங்கதியைச் சொல்லுகிறேன். 1901-ல் பிறந்தவர். ஐந்து வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் போனவரல்ல. அவருடைய முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். பிறகு தாமே எழுதப் பழகி, 1925 முதல் ஜகன்மோகினி என்ற பத்திரிகையை நடத்தி, 1960-ல் இறப்பதற்குள் 115 நாவல்கள் எழுதினார். எழுத்து வேண்டாம், அடுப்பு போதும் என்று விதிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பத்திரிகை முதலாளியாக்கியது எது? வேதமா, சாஸ்திரமா? "வெட்டிக் கதை" என்று பரிகாசம் செய்கிறார்களே, அந்தக் கதைதான்.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். லாரிப் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தபோது எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது; ஆனால் பஸ் நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கும். பட்டறையில் பெரிய மேஸ்திரி அண்ணன் ராஜேஷ்குமார் நாவல் ஒன்றையாவது இடுப்பில் செருகாமல் வரமாட்டார். அவர் படித்துப் போட்டதை நான் எடுத்துக்கொள்ளுவேன். முதல் புத்தகத்தை முடிக்க எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது. கடைசியில் பார்த்தால், கொலைகாரன் யார் என்று சொல்லும் நாலு பக்கத்தை யாரோ கிழித்து வடை மடித்திருந்தார்கள்! அந்த நாலு பக்கத்தைத் தேடித்தான் நான் முதன்முதலாக நூலகத்துப் படி ஏறினேன். தேடிய புத்தகம் அங்கே கிடைக்கவில்லை. ஆனால் வேறு ஆயிரம் புத்தகம் இருந்தது. இன்று உங்கள் முன் நின்று பேசும் யோக்கியதை எனக்கு ஏதாவது உண்டென்றால், அது அந்தக் கிழிந்த நாலு பக்கம் கொடுத்தது.

துப்பறியும் கதை எனக்கு வேறொன்றையும் கற்றுக்கொடுத்தது. என் பதினாறாவது வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தோடு காணாமற்போய்விட்டது. மை போட்டுப் பார்க்கிறவனிடம் போனார்கள். அவன் வெற்றிலையில் மையைத் தடவிப் பார்த்து, "வடக்குப் பார்த்த வாசல், தனிக்கட்டையாய் இருக்கிற பொம்பளை" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டான். அந்த வாசலில் இருந்தவர் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் ஒரு விதவை. மறுநாளே மூன்று வீட்டில் அந்த அம்மாளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். நான் தோட்டுக்காரம்மாளிடம் போய், கதையில் துப்பறிகிறவன் கேட்பதுபோல, "அக்கா, கடைசியாக எப்போது கழற்றினீர்கள்? எதற்காகக் கழற்றினீர்கள்? அப்போது எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கழற்றினேன், அடுப்படியில் இருந்தேன் என்றார். தேடினோம். தோடு கடுகு டப்பாவில் இருந்தது! பொருள் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த விதவை அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க ஒருவரும் போகவில்லை. மைக்காரன் வாங்கிய காசையும் திருப்பித் தரவில்லை. "எப்போது, எங்கே, யாருக்கு லாபம்?" என்று கேட்கும் பழக்கம் எனக்குப் பெரிய தத்துவப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல; பெட்டிக்கடைப் புத்தகத்திலிருந்து வந்தது.

நல்ல மர்மக் கதை எதையும் எடுத்துப் பாருங்கள். கானன் டாயில் 1901, 1902-ல் தொடர்கதையாக எழுதிய பாஸ்கர்வில் வேட்டைநாய்க் கதையில், நெருப்பாய் ஒளிரும் பேய் நாய் ஒன்று ஒரு குடும்பத்தையே நடுங்க வைக்கிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் விசாரித்துப் பார்த்தால் அது பேயுமல்ல, சாபமுமல்ல. பாஸ்பரம் பூசிய சாதாரண நாய். பூசியவன் சொத்துக்கு ஆசைப்பட்ட சொந்தக்காரன். நம் அண்ணாத்துரை அவர்கள் எழுதிய ரங்கோன் ராதாவும் இதே ரகந்தான். மைத்துனியையும் சொத்தையும் அடைய நினைத்த புருஷன், மனைவிக்குப் பேய் பிடித்திருப்பதாக ஊரை நம்பவைக்கிறான். 1956-ல் அது சினிமாவாகவும் வந்தது. பேய்க்குப் பின்னால் ஒரு பேராசைக்காரன் நிற்கிறான் என்பதை நூறு கூட்டத்தில் பேசி விளங்க வைப்பதைவிட, ஒரு ராத்திரி தூங்கவிடாத ஒரு கதை நன்றாக விளங்க வைத்துவிடும்.

"கதை பொய்தானே? பகுத்தறிவுக்காரன் பொய்யைப் படிக்கலாமா?" என்று கேட்கலாம். நம் அரியலூர் ஜில்லாவிலேயே பதில் இருக்கிறது. கீழப்பழுவூர், மேலப்பழுவூர் உங்களுக்குத் தெரியும். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தொடர்கதையாக எழுதினார். அதில் வரும் பழுவேட்டரையர்கள் இந்த மண்ணை ஆண்ட மெய்யான சிற்றரசர்கள், கல்வெட்டில் இருக்கிறார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. இரண்டையும் கலந்து ஐந்து பாகம் நம்மை இழுத்துக்கொண்டு போகிறார். படிக்கும்போது நந்தினியை நம்புகிறோம். புத்தகத்தை மூடியதும் கற்பனை என்று தெளிகிறோம். நாவல் தன்னைக் கதை என்றே சொல்லிக்கொள்ளுகிறது. தன்னை நம்பாதவன் நரகத்துக்குப் போவான் என்று மிரட்டுவதில்லை; தட்சிணையும் கேட்பதில்லை. தன்னைக் கற்பனை என்று ஒப்புக்கொள்ளும் பொய்யால் ஒருவனும் கெட்டதில்லை.

நிற்க, காதல் கதைக்கு வருகிறேன். இங்கேதான் நான் என் குற்றத்தைச் சொல்ல வேண்டும். துப்பறியும் கதையால் மனிதனான நான், என் மனைவி ரமணிசந்திரன் நாவல் படித்தபோது என்ன செய்தேன் தெரியுமா? "இதெல்லாம் ஒரு புத்தகமா? மூளையை மழுங்கடிக்கிற சரக்கு" என்று கையிலிருந்து பிடுங்கி, ஒரு பிரசாரப் புத்தகத்தை மடியில் வைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "ஏங்க, நீங்க கூட்டத்துக்குப் போயி ராத்திரி பதினோரு மணிக்கு வர்றீங்க. அதுக்கு என்கிட்ட உத்தரவு கேட்டதில்லை. நாள் முழுக்க வேலை செஞ்சிட்டு நான் படிக்கிறது அரை மணி நேரம். அதுக்கு மட்டும் நான் உத்தரவு கேக்கணுமா? பெண் விடுதலைன்னு நேத்துதான பேசிட்டு வந்தீங்க?" என்றார்.

தோழர்களே! எனக்குப் பதில் இல்லை. மாமியார் செய்த வேலையைத்தான் நானும் செய்திருக்கிறேன். அவர் சாஸ்திரத்தின் பேரால் பிடுங்குவார். நான் பகுத்தறிவின் பேரால் பிடுங்கினேன். பிடுங்கின கை இரண்டும் ஒன்றே.

ரமணிசந்திரன் நூற்றுக்கு மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஏன் இத்தனை பெண்கள் படிக்கிறார்கள் என்று பிறகு நானே சிலவற்றைப் படித்துப் பார்த்தேன். அவற்றில் ஒருத்தியை ஒருவன் மதித்துப் பேசுகிறான். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் பாடுபடுகிறான். தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கிறான். நம் வீடுகளில் இது நடந்தால் அவர்கள் ஏன் புத்தகத்தில் தேடப்போகிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.

இந்தப் புத்தகங்களில் குற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அநேகக் கதைகளில் கதாநாயகன் பணக்காரன், கதாநாயகி சிவப்பு. ஜாதி என்ற ஒன்று நாட்டில் இருப்பதாகவே பல ஆசிரியர்களுக்குத் தெரியாது. சில மர்மக் கதைகள் கடைசிப் பக்கத்தில் பேய் மெய்தான் என்று கைவிரித்துவிடுகின்றன. அப்படிப்பட்டவை வாசகனுக்குச் செய்வது மோசடி என்றே சொல்லுவேன். இவற்றைப் படித்துவிட்டுப் பேசுங்கள், சண்டை போடுங்கள். படிக்காதே என்று தடுப்பதால் யாருக்கும் புத்தி வளர்ந்ததில்லை.

அல்லாமலும், எதைப் படித்தாலும் அதனால் என்ன பிரயோஜனம் என்று கணக்குக் கேட்பதே ஒரு அடிமைப் புத்தி. உழைக்கிறவனுக்குச் சந்தோஷம் எதற்கு என்று நினைத்தவர்கள் செய்த ஏற்பாடு அது. சும்மா சந்தோஷத்துக்காகப் படித்தேன் என்று ஒரு கூலிக்காரன் தலைநிமிர்ந்து சொல்லலாம். அதுவும் சுயமரியாதைதான்.

கடைசியாக ஒரு வேலை சொல்லுகிறேன். சுதந்திர இந்தியாவில் பொது நூலகத்துக்கென்று முதன்முதலில் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம், 1948-ல். இன்றும் நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரி சேர்கிறது. அது உங்கள் பணம். இந்தக் கோடையில் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் போய் இரண்டு கதைப் புத்தகம் எடுத்து வாருங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு. எந்தப் புத்தகம் வேண்டுமென்று அவரையே கேளுங்கள். நீங்கள் பொறுக்கிக் கொடுக்க வேண்டாம். அவர் படிக்கும் நேரத்தில் காப்பி வேண்டுமென்று தோன்றினால், எழுந்து போய் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அவருக்கும் ஒரு தம்ளர் கொடுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்துவருகிறேன். காப்பி சுமார்தான், ஆனால் வீட்டில் யாரும் புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிப்பதில்லை.