கணக்கில் வராத போயிலை

(திருகோணமலை நகரில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகளுக்கு நடந்த தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



நேற்று பஸ்ஸில் வரும்போது சீனக்குடாவில் அந்தப் பெரிய ஆலையைப் பார்த்துவிட்டு, "இங்கயிருந்தா சேர் நம்ம ரொட்டி மா வருது?" என்று ஒரு அக்கா கேட்டார். ஆமாம். 1977 இல் ஒப்பந்தம் செய்து 1980 இல் ஓடத் தொடங்கிய பிரிமா ஆலை அது. கோதுமை நம் நாட்டில் விளைவதில்லை, எல்லாம் கப்பலில்தான் வருகிறது. அதனால் கணக்கு சுலபம். வந்ததைக் கூட்டு, வெளிநாட்டுக்குப் போனதைக் கழி, களஞ்சியத்தில் தேங்கியதையும் கழி. மிச்சம் நாம் தின்றது. உள்நாட்டில் செய்யும் பொருளென்றால் அதையும் கூட்ட வேண்டும். இதைத்தான் பண்டச் சமநிலைக் கணக்கு என்கிறார்கள். எத்தனை ரொட்டி தின்றாய் என்று யாரும் லயத்துக்கு வந்து கேட்பதில்லை.

சிகரெட்டுக்கும் இதே கணக்குத்தான். இந்த நாட்டில் சட்டப்படி சிகரெட் செய்வது சிலோன் டொபாகோ என்ற ஒரே கம்பனி. அதன் பெரும்பங்கு பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாகோவிடம் இருக்கிறது. வாசல் ஒன்று என்பதால், வரி கட்டி வெளியேறிய சிகரெட்டை எண்ணிவிடலாம். 2016 ஒக்டோபரில் வரி ஏறிய பிறகு அந்த எண்ணிக்கை இறங்கியது. மக்கள் குறைத்துக்கொண்டார்கள் என்றது சுகாதாரத் தரப்பு. கள்ளச் சிகரெட்டுக்கும் பீடிக்கும் மாறிவிட்டார்கள் என்றது கம்பனித் தரப்பு. இதில் எது சரி என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. (கம்பனி சொல்வதை நான் முழுக்க நம்பவில்லை. விலை ஏறினால் கை சுருங்கும். சம்பளத்துக்கு முந்திய வாரம் எந்த லயத்துக் கடையிலும் போய்ப் பாருங்கள்.)

நம்முடைய விஷயம் வேறு. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிக்கிறார்கள். கழித்த கிலோ ஏட்டில் இருக்காது, ஆனால் பறித்தது நம் கைதான். போயிலையும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் விளைந்து காய்ந்த புகையிலை கட்டுக்கட்டாகச் சந்தைக்கு வருகிறது. கடையில் அதை வெட்டி, வெற்றிலை பாக்கோடு துண்டாக விற்கிறார்கள். சிகரெட் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. இந்தியாவில் 2016-17 இல் எடுத்த ஆய்வில், வயது வந்தோரில் புகைப்பவர் 10.7 வீதம், புகைக்காமல் வாயில் போடுபவர் 21.4 வீதம். அங்கே சிகரெட்டை மட்டும் எண்ணினால் பாதிப்பேரைக்கூடப் பார்த்திருக்க முடியாது.

என் அம்மாயி ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. மலையில் மழைக்கும் பசிக்கும் அவருக்குப் போயிலைதான். வாயில் அடக்கிக்கொண்டால் பகல் சாப்பாடு வரை பசி தெரியாது என்பார். கன்னத்துக்குள் வெள்ளையாகப் படிந்திருந்ததை வெற்றிலைக் கறை என்றே நினைத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புண் தாடைக்கு இறங்கியிருந்தது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். போயிலை போடும் பெண்களையும் அது விடுவதில்லை.

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வீட்டு வருமான செலவின ஆய்வு நகரம், கிராமம், தோட்டம் என்று பிரித்துக் காட்டுகிறது. வெற்றிலை, பாக்கு, புகையிலைச் செலவையும் கேட்கிறார்கள். ஆய்வுக்கு வரும் பிள்ளையிடம் "அதெல்லாம் கொஞ்சந்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வெட்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் உள்ளதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2024 இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அதற்கு மேல் கேட்கப் போகும்போது நாம் வீட்டுச் செலவுப் பட்டியல் கொடுக்கிறோம். அதில் போயிலையை எழுதினால், "இப்படித்தான் காசை அழிக்கிறீர்கள்" என்பார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனால் எழுதாமல் விட்டால், தோட்ட மருந்தகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை எல்லாருக்கும் வாய்ப் பரிசோதனை வேண்டும் என்று எதை வைத்துக் கேட்பது?

ஒரு மாதம் மட்டும் எழுதுவோம். பெயர் வேண்டாம். வீட்டுக்கு எத்தனை பேர், போயிலைக்கு எவ்வளவு போகிறது, யாருக்காவது வாயில் ஆறாத புண் இருக்கிறதா, அவ்வளவுதான். டிவிசனுக்கு ஒன்றாகக் கொப்பிகள் அந்த மேசையில் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாதர் தலைவிமார் எழுதினால் நல்லது, ஆம்பளைகளிடம் பெண்கள் சொல்ல மாட்டார்கள்.