முகம் யாருக்குச் சொந்தம்?

(வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



போட்டோக் கலையின் ஆரம்பத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று விழாக் குழுவினர் கேட்டபோது, எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தேன். படித்துப் பார்த்த பிறகு, இதுவும் நம்முடைய விஷயம்தான் என்று புரிந்தது.

போட்டோ வருவதற்கு முன் ஒருவருடைய முகம் அவர் காலத்துக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமானால் ஓவியரை அமர்த்த வேண்டும். அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும்தான் அது கட்டுபடியாகும். உழைப்பவன் முகம் அவனோடு மண்ணுக்குப் போய்விடும்.

பிரான்சு தேசத்தில் நியெப்ஸ் என்பவர் 1827-ம் ஆண்டு வாக்கில் தம் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியை ஒரு தகட்டில் பதிய வைத்தார். அதற்கு எட்டு மணி நேரமாவது பிடித்திருக்கும் என்கிறார்கள். எந்த மனிதன் அத்தனை நேரம் அசையாமல் இருப்பான்? 1833-ல் நியெப்ஸ் இறந்தார். அவருடைய கூட்டாளி டாகேர் வேலையைத் தொடர்ந்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டை மெருகேற்றி, அயோடின் ஆவியில் காட்டி, காமிராவில் வைத்துப் படம் பிடித்து, பாதரச ஆவியில் உருவத்தை வெளிக்கொணர்வது அவருடைய முறை.

1838-ல் டாகேர் பாரிஸ் நகரத்தின் ஒரு வீதியை மேலிருந்து படம் பிடித்தார். தகட்டில் படம் விழப் பல நிமிஷங்கள் ஆயின. ஓடிய வண்டிகளும் நடந்த ஜனங்களும் பதியவே இல்லை. வீதியோரத்தில் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அவர் காலடியில் வேலை செய்தவரின் உருவமும் மங்கலாகத் தெரிகிறது. போட்டோவில் அகப்பட்ட முதல் மனிதர்கள் இவர்களே என்று கருதப்படுகிறது. அந்தத் தொழிலாளியின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

1839 ஆகஸ்டு 19-ம் தேதி பிரெஞ்சு சர்க்கார் இந்த முறையை உலகத்துக்குப் பகிரங்கமாக்கியது. டாகேருக்கு ஆண்டுக்கு 6,000 பிராங்கும், நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்கும் ஓய்வூதியம் கொடுத்து, கண்டுபிடிப்பைப் பொதுச்சொத்து ஆக்கினார்கள். ஆனால் ஐந்து நாள் முன்பே இங்கிலாந்தில் டாகேர் பெயரால் காப்புரிமை வாங்கப்பட்டுவிட்டது. அங்கே இத்தொழிலை நடத்த லைசென்சுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது.

பூட்டில்லாத இடத்தில் என்ன நடந்தது? செய்தி கப்பலேறி அமெரிக்கா போனது. பிலடெல்பியா நகரில் ராபர்ட் கார்னீலியஸ் என்ற 30 வயது வாலிபர் இருந்தார். விளக்கு செய்து விற்ற குடும்பம். வெள்ளி முலாம் பூசுவதும் உலோகத்தை மெருகேற்றுவதும் கைவந்த வேலை. அதே 1839-ன் இறுதி மாதங்களில், கடைக்குப் பின்புறம் காமிராவை நிறுத்தி, தாமே மூடியைத் திறந்து, ஓடி வந்து முன்னால் நிமிஷக்கணக்கில் அசையாமல் இருந்தார். கலைந்த தலைமுடியோடு, சற்று ஓரமாக விழுந்த அந்த முகம் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. எஞ்சியுள்ள மிகப் பழைய முகப்படங்களில் அது ஒன்று. அடுத்த ஆண்டில், நியூயார்க்கில் ரசாயனப் பேராசிரியர் டிரேப்பர் தம் சகோதரி டாரதியைப் படமெடுத்தார்.

இன்னொருவரை மறக்கக் கூடாது. பாரிஸ் நிதி இலாகா குமாஸ்தா இப்போலித் பயார். காகிதத்திலேயே படம் பிடிக்கும் தனி முறையைக் கண்டு, 1839 ஜூன் மாதமே 30 படங்களைக் காட்சிக்கு வைத்தவர். அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. 1840-ல் அவர் நீரில் மூழ்கி இறந்த பிணம்போல் தம்மையே படமெடுத்து, டாகேருக்கு வாரிக் கொடுத்த சர்க்கார் பயாருக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அதன் பின்புறம் எழுதினார். போட்டோவின் முதல் கண்டனக் குரல் அது என்று நான் சொல்வேன்.

நண்பர்களே! ஆரம்பத்தில் இந்தப் படங்களும் மலிவாக இல்லை. ஆனால் கைகள் பெருகப் பெருக விலை இறங்கியது. 1850-களில் அமெரிக்காவில் தச்சரும் கொல்லரும் தங்கள் கருவிகளைக் கையில் பிடித்தபடி பெருமையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அறிவைப் பூட்டி வைக்காமல் திறந்துவிட்டதால் வந்த பலன் இது. பெயரில்லாமல் மங்கலாகப் பதிந்த அந்தப் பாலிஷ் தொழிலாளியின் வர்க்கத்துக்கு அப்படித்தான் முகம் கிடைத்தது.