மருந்துக் கடையில் கிடைக்கும் பதில்

(திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளர்களும், மீஞ்சூர், பொன்னேரி பக்கத்து விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஒரு பெண் தோழர் ஆற்றிய உரை)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று நான் பேச வந்தது ஒரு சின்ன மாத்திரையைப் பற்றி. பின்வரிசையில் ஆண் தோழர்கள் சிலர் மெல்ல எழுந்து டீக்கடைப் பக்கம் போகப் பார்க்கிறார்கள். உட்காருங்கள், தோழர்களே! இது உங்கள் வீட்டு விஷயமும்தான்.

எங்களோடு வேலை செய்த ஒரு பெண். பெயர் சொல்ல மாட்டேன். ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். கைக்குழந்தைக்கு ஒரு வயது நிறையவில்லை. ஒரு நாள் ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் காலடிப்பேட்டையில் ஒரு மருந்துக் கடைக்குப் போய், கரு தங்காமலிருக்கச் சாப்பிடும் அவசர மாத்திரை கேட்டாள். "இல்லை" என்றார்கள். தேரடிப் பக்கம் இன்னொரு கடை. "டாக்டர் சீட்டு இருக்கா?" என்றார்கள். மூன்றாவது கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்து, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். ரவிக்கைக்குள்ளிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். காட்டிய பிறகும் மாத்திரை வரவில்லை. "இந்தப் பாவமெல்லாம் நம்ம கடையில விக்கிறதில்லம்மா" என்ற பதில்தான் வந்தது. பக்கத்தில் நின்ற நாலு ஆண்களும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு வார லீவு வந்தது நாலாவது நாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. பிறகு கருவைக் கலைக்க ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். பத்து நாள் வேலைக்கு வரவில்லை என்று ஒப்பந்தக்காரர் பெயரை அடித்துவிட்டார். கருக்கலைப்புக்கு 6 வார ஊதிய விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் இல்லை!

அந்த மாத்திரை என்ன விஷமா? லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற மருந்து, 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறோமோ அவ்வளவு பலன். கருமுட்டை வெளிவருவதை அது தள்ளிப்போடுகிறது. கரு ஏற்கெனவே தங்கியிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. கருவைக் கலைக்கிற மிபிப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் மருந்துகள் வேறு. அவற்றுக்கு டாக்டர் வேண்டும், 1971ம் வருஷச் சட்டம் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நம்மில் மட்டுமல்ல, கடைக் கல்லாவிலும் இருக்கிறார்கள். தினசரி சாப்பிடுகிற மாத்திரையும் அல்ல இது. அவசரத்துக்கு மட்டுமே.

2005லேயே மத்திய சர்க்கார் இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை என்று சொல்லிவிட்டது. 2007ல் ஐ-பில் என்ற பெயரில் டெலிவிஷனில் விளம்பரம் வந்தது. உடனே இங்கே கூக்குரல் கிளம்பியது: பெண்கள் கெட்டுப்போவார்கள், தமிழ்ப் பண்பாடு என்னாவது! அதிகாரிகளின் கெடுபிடியும் சேர்ந்துகொண்டது. சென்னைக் கடைகளின் அலமாரியிலிருந்து மாத்திரை மறைந்தது. கடைக்காரரைக் கேட்டால் "சர்க்கார் தடை" என்கிறார். அதிகாரிகளோ, தடை ஆணை எதுவும் கிடையாது என்று பத்திரிகை நிருபர்களிடம் சொன்னதுண்டு. பல மாநிலங்களின் மருந்துக் கடைகளை ஆராய்ந்து 2020ல் வந்த ஓர் அறிக்கையும், மற்ற இடங்களில் தாராளமாகக் கிடைக்கும் இந்த மாத்திரை தமிழ்நாட்டில் மிகச் சில கடைகளிலேயே இருப்பதாகச் சொன்னது.

அமெரிக்காவில் இதே சண்டை வேறு விதமாக நடந்தது. 2002ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு மருந்துக் கடை ஊழியர், ஒரு மாணவி கொண்டுவந்த கருத்தடை மாத்திரைச் சீட்டுக்கு மருந்து தர மறுத்தார். சீட்டை வேறு கடைக்கு மாற்றித் தரவும் மறுத்தார். "என் மதம் ஒப்பாது" என்று வெளிப்படையாகச் சொன்னார். விசாரணை நடந்தது, கண்டனம் கிடைத்தது. நம் ஊரில் அந்த நேர்மைகூட இல்லை. "ஸ்டாக் இல்லை" என்றால் முடிந்தது. யார் மீது புகார் கொடுப்பது?

சட்டத்திலும் இந்த ஓட்டை இருக்கிறது. 2013ம் வருஷ மருந்து விலைக் கட்டுப்பாட்டு உத்தரவின் 28வது பத்தி, தன்னிடமுள்ள மருந்தை வாங்க வருபவருக்கு விற்க மறுக்கக் கூடாது என்கிறது. "தன்னிடமுள்ள" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாங்கியே வைக்காதவரை அது தொடாது.

சின்னக் கடைக்காரரை மட்டும் திட்டி நான் போய்விட மாட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து எந்த மாத்திரைக்கு என்ன கேட்பாரோ என்ற பயம் அவருக்கு. வருகிற தலைவலியைத் தவிர்க்கிறார். ஆனால் அவருடைய தலைவலி எங்கே போய் இறங்குகிறது? அண்ணாநகர் பங்களா அம்மாளின் தலையில் அல்ல. அவருக்குக் குடும்ப டாக்டர் உண்டு. பெங்களூரிலிருந்து வரும் உறவினர் பெட்டியில் மாத்திரையும் வரும். காசிமேட்டில் மீன் கூடை சுமப்பவளுக்கும், மீஞ்சூரில் நாற்று நடுகிறவளுக்கும் அந்த 72 மணி நேரத்தில் மூன்று நாள் கூலி அடங்கியிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவசரநிலைக் காலத்தில், 1976-77ல், ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். ஏழைகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று "வேண்டாம்" என்று சொல்ல உரிமையில்லை. இன்று "வேண்டும்" என்று கேட்டால் கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21ன் தேசியக் குடும்ப நல ஆய்வு. ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! (பின்வரிசைத் தோழர்கள் இப்போது தரையைப் பார்க்கிறார்கள்.) கத்திக்கு நம் உடம்பு தாராளமாகக் கிடைக்கிறது. மாத்திரை மட்டும் நமக்குக் கிடைப்பதில்லை.

பிள்ளை குறைந்தால் வறுமை தீரும் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த உபதேசத்தை 1913லேயே பிராவ்தாவில் லெனின் சாடினார். அதே கட்டுரையில்தான், கருக்கலைப்புக்கும் கருத்தடை பற்றிய மருத்துவ நூல்களைப் பரப்புவதற்கும் எதிரான சட்டங்கள் அத்தனையும் நிபந்தனையின்றி ஒழிய வேண்டும் என்றும் கேட்டார். நம் ஊரில் பெரியார், மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் சொத்துக்காகவும் கர்ப்பத்தடையை ஆதரிக்கிறார்கள், நான் பெண்ணின் விடுதலைக்காக ஆதரிக்கிறேன் என்று வாதாடினார். இருவர் வழியும் வேறு. இந்த இடத்தில் மட்டும் ஒரே தெருவில் வந்து நிற்கிறார்கள்.

இனி வேலையைப் பேசுவோம். இந்த மாத்திரை அரசாங்க விநியோகத்தில் இலவசப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் கேளுங்கள். கிராமத்துச் சகோதரிகள் கிராம சுகாதார நர்ஸிடம் கேளுங்கள். 72 மணி தாண்டிவிட்டால், 5 நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொண்டாலும் பலன் உண்டு. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் டாக்டரிடம் கேட்கலாம்.

நமது கோரிக்கை மூன்று. தடை இல்லையென்றால் அதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எழுத்தில் எழுதி ஒவ்வொரு கடைக்கும் அனுப்ப வேண்டும். சுகாதார நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வருகிற நேரத்திலும் மாத்திரை கிடைக்க வேண்டும். தாலியைக் காட்டு என்று எவரும் கேட்கக் கூடாது.

அதற்கு முன் கணக்கு வேண்டும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நாமே கடை கடையாகப் போய்க் கேட்போம். ஒருத்தி தனியாகப் போக வேண்டாம், மூன்று பேராகப் போங்கள். தேதி, தெரு, சொன்ன பதில், மூன்றையும் துண்டுச் சீட்டில் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பள்ளிக்குப் போகிற மகளிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். அவளுக்கும் விஷயம் தெரியட்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சீட்டுகளோடு இதே இடத்துக்கு வந்துசேருங்கள்.