வீடியோவில் கேட் படிக்கும் பிள்ளைகளுக்கு
(கல்வி வழிகாட்டல் அமர்வில் நம் அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





கல்வி உதவி கேட்டு எங்களிடம் வரும் மனுக்களில் ஆட்டோகேட் பயிற்சிக் கட்டணம் கேட்பவை இப்போது அதிகம். வளைகுடாவில் டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்கு உதவும் என்கிறார்கள். நியாயம்தான். ஆனால், "யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறதே, பணம் எதற்கு?" என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே நோன்புப் பெருநாள் முடிந்ததும் அலுவலகத்தின் இரண்டு பழைய கணினிகளில் 5 பிள்ளைகளை உட்கார வைத்தோம்.

ஒரு தம்பி இரண்டு மாதத்தில் 60 வீடியோக்களைப் பார்த்து முடித்தார். திரையில் ஆசிரியர் போடுவதை அச்சுப் பிசகாமல் போடுவார். மதரஸாவின் பின்னறையை வரைந்து தாருங்கள் என்றோம். திகைத்துவிட்டார். வீடியோவில் அளவை அவர்களே கொடுத்துவிடுவார்கள். இங்கே டேப்பை எடுத்து அவர்தான் அளக்க வேண்டும். அளந்தார். எதிரெதிர்ச் சுவர்கள் 3 அங்குலம் வித்தியாசப்பட்டன. தான்தான் தப்பாக அளந்துவிட்டோம் என்று நினைத்து இரண்டையும் சமமாக்கி, அழகான நீள்சதுரமாக வரைந்து வந்தார்!

நம் ஜமாஅத்தின் கொத்தனார் பாய் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "மூலைக்கு மூலை அளந்தீங்களா தம்பி?" என்று கேட்டார். பழைய கட்டடங்களில் மூலை மட்டத்துக்கு இருக்காது. நான்கு சுவரோடு ஒரு குறுக்களவும் இருந்தால்தான் அறையின் உண்மையான வடிவம் கிடைக்கும். கணினியில் அது சுலபம். முதலில் ஒரு சுவரைக் கோடாகப் போட வேண்டும். அதன் ஒரு முனையிலிருந்து பக்கத்துச் சுவரின் நீளத்தையும், மறு முனையிலிருந்து குறுக்களவையும் ஆரமாக வைத்து இரண்டு வட்டம் போட்டால், அவை வெட்டும் இடமே அடுத்த மூலை. இரண்டாவது குறுக்களவு சரிபார்க்க. 60 வீடியோவில் இல்லாத பாடம் இது.

அதன் பிறகு எங்கள் முறையை மாற்றினோம். 10 நிமிடம் பார்ப்பது, வீடியோவை மூடுவது, பார்க்காமல் போடுவது. வீட்டுக் கணக்கை அடி, அங்குலத்தில் போட்ட பிறகு அதையே மில்லிமீட்டரிலும் போடச் சொல்கிறோம். வளைகுடாவில் அந்தக் கணக்குத்தான். 10 அடி என்பது அங்கே 3048.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சில வீடியோக்களில் 'கிராக்' இறக்கும் வழி காட்டுகிறார்கள். ஒரு பிள்ளை அப்படி இறக்கியதில் வைரஸ் புகுந்து எங்கள் கணக்குக் கோப்புகள் சில போயின. அது போகட்டும். உரியவர் அனுமதி இல்லாமல் எடுத்த பொருளில் தொழில் கற்று, அந்தச் சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா? மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனமே ஓராண்டு இலவச அனுமதி தருகிறது. படிக்கும் காலத்தில் புதுப்பித்துக்கொள்ளலாம், கூலி வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. மாணவர் அல்லாதவர்களுக்கு லிப்ரேகேட், ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம். லிப்ரேகேட் எங்கள் பழைய கணினியிலேயே ஓடுகிறது.

கட்டண உதவியை நிறுத்தவில்லை. சான்றிதழ் கேட்கும் இடங்கள் உண்டு என்பது எங்களுக்கும் தெரியும். ஆனால் இனி மனுவோடு, சொந்த வீட்டை நீங்களே அளந்து வரைந்த பிளான் ஒன்று வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு சகோதரி, பிள்ளை தூங்கிய பிறகு படித்து, முதல் ஆளாகக் கொண்டுவந்து கொடுத்தார். மாடிப்படி மட்டும் இடிக்கிறது, திருத்திக்கொண்டிருக்கிறார்.

கணினி அறை அஸருக்குப் பின் மக்ரிப் வரை திறந்திருக்கும். பெண்களுக்குச் சனி, ஞாயிறு காலை. டேப் இருந்தால் எடுத்து வாருங்கள்; எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.

வஸ்ஸலாம்.