வண்டி வருவதற்கு முன்னால்

(நம் சங்கத்தின் சித்தூர் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் அல்ல. முப்பத்து மூன்று வருஷம் பாங்கில் கணக்குப் பார்த்தவன். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முதலுதவி வகுப்பில் படித்து சர்டிபிகேட் வாங்கி, மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டு, அலிபிரி நடைபாதையிலும் இங்கே நம்மூர் ரோட்டிலும் என்னால் ஆனதைச் செய்து வருகிறேன். சம்பளம் உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. கிடையாது. ரத்தக் கறையில் இதுவரை நாலு அங்கவஸ்திரம் போயிருக்கிறது. அந்தக் கணக்கை என் சகதர்மிணி வைத்திருக்கிறாள்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் நியூஜெர்சி பக்கம் இருக்கிறார்கள். அங்கே பல சின்ன ஊர்களில் ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் ஊர்க்காரர்களே. பகலில் ஆபீஸ், ராத்திரி இலவச டியூட்டி. அமெரிக்காவில் இப்படித் தொண்டர் படையாக ஆரம்பித்ததில் முன்னோடி, வர்ஜீனியா மாநிலம் ரோனோக் ஊரைச் சேர்ந்த ஜூலியன் வைஸ், வருஷம் 1928. சிறுவனாக இருந்தபோது ஆற்றில் இரண்டு பேர் மூழ்கிப்போனதையும், கரையில் நின்றவர்கள் செய்வதறியாமல் பார்த்துக்கொண்டிருந்ததையும் அவர் மறக்கவே இல்லையாம்.

நம் பக்கம் ஏற்பாடு வேறு. 108 சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் ஆரம்பமாயிற்று. சத்யம் கம்பெனி ராமலிங்க ராஜு தொடங்கிய ஸ்தாபனம். 2009க்குப் பிறகு ஜி.வி.கே. வசம் போயிற்று, அப்புறமும் கை மாறியது. நம்பர் மட்டும் மாறவில்லை. வண்டியில் ஒரு இ.எம்.டி., ஒரு பைலட். டிரைவரைத்தான் பைலட் என்கிறார்கள். இருவரும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், படித்தவர்கள். ஆகவே வண்டிக்குள் என்னைப் போன்றவனுக்கு வேலை இல்லை. ஆள் விழுந்ததற்கும் வண்டி வந்து நிற்பதற்கும் நடுவே இருக்கும் சில நிமிஷங்கள்தான் நம்முடையவை.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படி, ஒன்பது கிலோமீட்டர். காலி கோபுரம் வரைக்கும் ஏற்றம் கடுமை. இருதய நோயாளிகளும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் நடக்க வேண்டாம் என்று தேவஸ்தானமே சொல்லி வருகிறது. நம்மவர்கள் கேட்பார்களா? "பெருமாள் பார்த்துப்பார்" என்று ஏறிவிடுகிறார்கள். அவர் பார்த்துக்கொள்ளட்டும்; மாத்திரை டப்பாவையாவது கையோடு எடுத்துப் போங்கள்.

ஓர் ஏகாதசி அன்று, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் படியில் உட்கார்ந்து உளறிக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று நாலு பேர் திட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நெற்றியில் திருமண். கூட வந்த பிள்ளையைக் கேட்டேன். காலையில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார், ஆகாரம் பண்ணவில்லை, உபவாசம். மாத்திரை தன் வேலையைச் செய்துவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை விழுந்துவிட்டது. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மூன்று ஸ்பூன் குளுகோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணியில் எழுந்து உட்கார்ந்து, "நான் எங்கே இருக்கேன்?" என்றார். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, தீர்த்தம் உள்பட. மூச்சுக்குழலில் இறங்கிவிடும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விரதம் இருப்பதானால் முன்னதாகவே டாக்டரைக் கேளுங்கள். ஏகாதசி மாதம் இரண்டு தடவை வருகிறது, இதைக் கேட்க ஒரு தடவை போனால் போதும்.

இன்னொரு நாள் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் சரிந்து விழுந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் ஏழெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. சுற்றி நாற்பது பேர். ஒருவர் விசிறினார், ஒருவர் சோடா வாங்கி வந்தார், ஓர் அம்மாள் உள்ளங்காலைத் தேய்த்தார், கையில் சாவிக் கொத்தைக்கூடத் திணித்திருந்தார்கள். எல்லோரும் நல்லவர்கள். மார்பை அழுத்தத் தெரிந்தவர் ஒருவர் இல்லை. "மூச்சு வரதே" என்றார்கள். கரையில் போட்ட மீன் போல எப்போதோ ஒரு தடவை வாயைத் திறந்து இழுத்தது. அது மூச்சில்லை. இருதயம் நின்றதற்கு அடையாளமே அதுதான். அழுத்த ஆரம்பித்தேன். களைத்தபோது ஒரு தெலுங்குப் பையன், "நேனு செய்யனா தாதா?" என்று வந்து நான் காட்டியபடி தொடர்ந்தான். ஸ்ட்ரெச்சர் வரும் வரை மாறி மாறிச் செய்தோம். அவர் பிழைக்கவில்லை.

இருதயம் நின்றபின் ஒன்றும் செய்யாமல் போகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏழு முதல் பத்து சதவீதம் குறைகிறது என்பது வைத்தியக் கணக்கு. நாற்பது பேரில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

மடி ஆசாரம் பார்க்கிறவர்கள் என்னிடம் தனியாகக் கேட்பது ஒன்று உண்டு: வாயோடு வாய் வைத்து ஊத வேண்டுமா? பயிற்சி இல்லாதவர் ஊத வேண்டியதில்லை. மார்பு நடுவே இரு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது தடவை அழுத்தினால் போதும். யாரைத் தொட்டோம் என்றால், ஸ்நானம் பண்ணிக்கொள்ளலாமே! ஜலத்துக்கா பஞ்சம்?

ரோட்டு விபத்தில் போலீஸ், கோர்ட் என்று பயப்படுகிறவர்களுக்கு: சுப்ரீம் கோர்ட் 2016 மார்ச்சிலேயே உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு கொடுத்தாயிற்று. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவும் வந்தது. இஷ்டமில்லை என்றால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

சித்தூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். எதுவானாலும் "வேலூருக்கு விடு!" சி.எம்.சி. நல்ல ஆஸ்பத்திரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் மூச்சு நின்றவரைக் காரின் பின் சீட்டில் மடித்துப் போட்டுக்கொண்டு அத்தனை தூரம் போனால், வழியில் மார்பை அழுத்துவது யார்? 108ஐக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து, அவர்கள் சொல்கிறபடி கீழே கிடத்திச் செய்யுங்கள். திருப்பதி 2022 ஏப்ரலில் தனி ஜில்லா ஆகிவிட்டது. பழைய ஞாபகத்தில் எல்லாவற்றையும் சித்தூர் ஜில்லா என்று சொல்லிக் குழப்பாதீர்கள். அக்ரஹாரம், பெரிய வீடு என்றால் அவர்களுக்குப் புரியாது. பக்கத்துப் பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் என்று அடையாளம் சொல்லுங்கள்.

பிள்ளைகள் வெளிதேசத்தில், இங்கே கிழவனும் கிழவியுமாக இருக்கும் வீடுகள் நம் சங்கத்தில் எத்தனை என்று காரியதரிசிக்குத் தெரியும். அந்த வீட்டில் விழுவது ஒருவர் என்றால், அழுத்த வேண்டியது மற்றவர்தான். மாமிகள் பின்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள்; உங்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

காபிக்கு முன் ஹாலின் ஓரத்தில் பாய் விரித்துப் பயிற்சி பொம்மை இரண்டு வைத்திருக்கிறேன். ஐந்து ஐந்து பேராக வாருங்கள். முழங்கால் மடக்க முடியாதவர்கள் நாற்காலியிலேயே இருங்கள். உங்கள் வீட்டு விலாசத்தையும் அடையாளத்தையும் தெலுங்கில் ஒரே மூச்சில் சொல்லிக் காட்ட வேண்டும். நான்தான் 108.