எண்பது ஆண்டுக் கோட்டுக்கு முன்னால்

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் குடியேறிய தமிழர்கள் பலருக்கு முதல் சொத்து ஒரு ஃபிளாட்தான். மார்ட்கேஜ் எடுத்து, சாவி வாங்கி, பால் காய்ச்சிக் குடிபுகுந்துவிடுகிறார்கள். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஃபிளாட் என்றால் பெரும்பாலும் லீஸ்தான். அடிமனை வேறொருவருக்குச் சொந்தம். வாங்கியவர் கையில் இருப்பது இத்தனை ஆண்டு அனுபவிக்கலாம் என்ற உரிமை. 1985-இல் 99 ஆண்டு லீஸில் விற்கப்பட்ட ஃபிளாட்டின் லீஸ் 2084-இல் முடியும். அதற்குள் நீட்டிக்காவிட்டால், வாடகைக்குத் தங்க வழி கிடைத்தாலும் சொத்து அடிமனைக்காரருக்கே போய்விடும்.

2084 வெகுதூரத்தில் இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்த ஃபிளாட்டுக்கு ஆபத்தான ஆண்டு 2004. அப்போதுதான் மிச்ச லீஸ் 80 ஆண்டுக்கு இறங்கியது.

அந்த எண்ணில் என்ன இருக்கிறது? லீஸை நீட்டிக்கும்போது ஃபிளாட்டின் சந்தை விலை கூடும். அந்தக் கூடுதலுக்கு மேரேஜ் வேல்யூ என்று பெயர். மிச்சக் காலம் 80 ஆண்டுக்கு மேல் இருந்தால் அது கணக்கிலேயே வராது. அதற்குக் கீழே ஒரு நாள் இறங்கினாலும் அதில் பாதியை அடிமனைக்காரருக்குக் கொடுக்க வேண்டும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நீண்ட லீஸ் இருந்தால் மூன்று லட்சம் பவுண்டு பெறும் ஒரு ஃபிளாட். அடிமனைக்காரருக்குக் கட்டும் வாடகையான கிரவுண்ட் ரென்ட் ஆண்டுக்கு 100 பவுண்டு. 81 ஆண்டு மிச்சமிருக்கும்போது நீட்டித்தால், வழக்கமான வட்டிக் கணக்கில் சுமார் 7,200 பவுண்டு ஆகும். 79-இல், ஃபிளாட்டின் விலை 2,85,000 என்று வைத்துக்கொண்டால், 11,400. 60 ஆண்டுதான் மிச்சம், விலையும் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டது என்றால் ஏறத்தாழ 33,700. இதற்கு மேல் தன் சொலிசிட்டர், சர்வேயர் கட்டணமும் உண்டு; இதுவரையுள்ள சட்டப்படி அடிமனைக்காரரின் நியாயமான செலவும் லீஸ்காரர் தலையில்தான். லீஸ் 70 ஆண்டுக்குக் கீழே போய்விட்டால் பல வங்கிகள் கடன் கொடுக்கவே தயங்கும். அப்புறம் விற்பதும் கஷ்டம்.

நீட்டிக்கும் உரிமையைக் கொடுத்தது 1993-ஆம் ஆண்டுச் சட்டம். மிச்சக் காலத்தோடு இன்னும் 90 ஆண்டு சேரும். கிரவுண்ட் ரென்ட் ஒரு மிளகு என்று பத்திரத்தில் எழுதுவார்கள். நடைமுறையில் ஒன்றும் கிடையாது. இந்த உரிமை சும்மா வரவில்லை. லண்டனின் மேஃபேர், பெல்கிரேவியா பகுதிகளில் தெருத்தெருவாக நிலம் வைத்திருப்பது வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் குடும்பம். லீஸ் வீடுகளில் இருப்பவர்களே அடிமனையை வாங்கலாம் என்ற 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, அந்தச் சொத்தின் அறங்காவலர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 1986-இல் தோற்றார்கள். 1993 சட்டம் வந்தபோது, அதைக் கொண்டுவந்த கன்சர்வேட்டிவ் கட்சியை விட்டே அன்றைய டியூக் விலகினார்.

வழிமுறையில் தேதிதான் உயிர். 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி நீட்டிப்புக் கேட்டு நோட்டீஸ் கொடுக்கும் நாளில் மதிப்பு நிலைத்துவிடும். பேரம் எத்தனை மாதம் இழுத்தாலும் அந்த நாள்தான் கணக்கு. பதில் சொல்ல அடிமனைக்காரருக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். அவர் பதில் நோட்டீஸ் தராமல் விட்டால், லீஸ்காரர் கேட்ட நிபந்தனைகளிலேயே நீதிமன்றம் மூலம் லீஸ் பெற முடியும். விலை ஒத்துவராவிட்டால், பதில் வந்த ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். தவறினால் நோட்டீஸ் செத்துவிடும். மறுபடி கொடுக்க ஓராண்டு காத்திருக்க வேண்டும்.

இதற்கு நடுவே சிலருக்கு ஒரு கடிதம் வரும். சட்டம், நோட்டீஸ் எல்லாம் எதற்கு, நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று அடிமனைக்காரர் அழைப்பார். விலை மலிவாக இருக்கும். ஆனால் 90 ஆண்டு சேராமல், லீஸ் 99-க்கு மட்டும் நிரப்பப்பட்டிருக்கலாம். பழைய மிச்சக் காலம் முழுக்க கிரவுண்ட் ரென்ட்டும் தொடரலாம். சில பழைய லீஸ்களில் பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் கிரவுண்ட் ரென்ட் உண்டு. 250 பவுண்டில் தொடங்கினால் ஐம்பது ஆண்டில் 8,000! சொந்த சொலிசிட்டர் வரிவரியாகப் படிக்காமல் இப்படிப்பட்ட தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

2024-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 990 ஆண்டு நீட்டிப்பு, மேரேஜ் வேல்யூ ஒழிப்பு இரண்டும் அதில் இருக்கின்றன. வாங்கி இரண்டு ஆண்டு ஆன பிறகுதான் நீட்டிப்பைக் கேட்கலாம் என்ற விதி 2025 ஜனவரி 31 முதல் நீங்கிவிட்டது. விலைக் கணக்கை மாற்றும் பிரிவுகளை அரசு தனியே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அவற்றை எதிர்த்து அடிமனைக்காரர்கள் தொடுத்த வழக்கை 2025 அக்டோபரில் லண்டன் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்கலாமா? லீஸ் ஏற்கெனவே 80-க்குக் கீழே போய், விற்கவோ கடன் மாற்றவோ அவசரம் இல்லாதவர்கள் யோசிக்கலாம். 81, 82-இல் நிற்பவர்கள் காத்திருப்பது தவறு.

லீஸ் எப்போது தொடங்கியது, மொத்தம் எத்தனை ஆண்டு என்பது பத்திரத்திலேயே இருக்கும். பத்திரம் கையில் இல்லையென்றால் லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் சில பவுண்டு கட்டி நகல் வாங்கலாம். அரசு நிதியில் நடக்கும் லீஸ்ஹோல்ட் அட்வைசரி சர்வீஸ் இலவசமாக ஆலோசனை சொல்கிறது. மிச்சம் 85-க்குக் கீழே என்றால், இந்த மாதமே ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள்.