கையெழுத்துக்குப் பின் 17 ஆண்டுகள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாம்பூலம் மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரு நாடுகள் செய்துகொள்ளும் இராணுவ உடன்பாட்டுக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. அதற்கு நல்ல எடுத்துக்காட்டு, சிங்கப்பூரும் இந்தோனீசியாவும் செய்துகொண்ட தற்காப்பு ஒத்துழைப்பு உடன்பாடு.

2007 ஏப்ரல் 27ஆம் தேதி, பாலித் தீவின் தம்பாக்சிரிங் மாளிகையில் அது கையெழுத்தானது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அப்போதைய அதிபர் சுசிலோ பாம்பாங் யுதயோனோவும் முன்னிலை வகித்தனர். தற்காப்பு அமைச்சர்கள் டியோ சீ ஹியனும் ஜுவோனோ சுதர்சோனோவும் கையெழுத்திட்டனர். அதே நாளில், தப்பியோடிய குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்பாடும் கையெழுத்தானது. கைகுலுக்கல், புகைப்படம் எல்லாம் முறையாக நடந்தன. ஆனால் அந்தத் தற்காப்பு உடன்பாடு நடப்புக்கு வந்த நாள் 2024 மார்ச் 21. ஏறக்குறைய 17 ஆண்டுகள்! இடையில் என்னதான் நடந்தது?

முதலில், யாருக்கு என்ன தேவைப்பட்டது என்று பார்ப்போம்.

சிங்கப்பூரின் நிலப்பரப்பு ஏறத்தாழ 730 சதுர கிலோமீட்டர். போர் விமானம் ஒன்று சில நிமிடங்களில் தாண்டிவிடக்கூடிய தொலைவு. பீரங்கி சுடவும் ஏவுகணை பாய்ச்சிப் பார்க்கவும் அங்கு இடமில்லை. அதனால்தான் சிங்கப்பூர் வீரர்கள் ஆஸ்திரேலியா, தைவான், புருணை, தாய்லாந்து என்று வெளியூர்களில் பயிற்சி செய்கிறார்கள். பக்கத்திலேயே பரந்து கிடக்கும் இந்தோனீசியக் கடலும் வானமும் கிடைத்தால் பயணமும் செலவும் குறையும். இது புதிய யோசனையும் அல்ல. சுமத்ராவின் சியாபு என்னும் இடத்தில் இரு நாட்டு ஆகாயப்படைகளும் சேர்ந்து அமைத்த பயிற்சித் தளம் 1989இல் இயங்கத் தொடங்கியது. 1995இல் இராணுவப் பயிற்சிப் பகுதிகளுக்கான ஏற்பாடு ஒன்றும் செய்யப்பட்டது. 2003இல் அது நின்றுபோனது.

இந்தோனீசியாவின் தேவை வேறு. 1997, 1998 ஆண்டுகளின் பொருளாதார நெருக்கடியில் அந்நாட்டு வங்கிகளைக் காப்பாற்ற மத்திய வங்கி பெரும் பணத்தைக் கொட்டியது. அதில் ஒரு பகுதியைச் சுருட்டிக்கொண்டு சிலர் வெளிநாடு சென்றுவிட்டார்கள். அவர்களில் பலர் சிங்கப்பூரில் வசதியாக வாழ்கிறார்கள் என்ற எண்ணம் ஜகார்த்தாவில் ஆழமாக வேரூன்றியது. பிரிட்டிஷ் வழிச் சட்டமும் டச்சு வழிச் சட்டமும் வெவ்வேறு, பொருத்துவது கடினம் என்று சிங்கப்பூர் நெடுங்காலம் கூறிவந்தது. சாதாரண இந்தோனீசியரின் காதில் அது சாக்காகவே விழுந்தது.

இரு தேவைகளையும் ஒன்றாகப் பேசி முடிப்போம் என்று 2005இல் தலைவர்கள் முடிவு செய்தார்கள். சிங்கப்பூருக்குப் பயிற்சிக் கடல், இந்தோனீசியாவுக்குக் குற்றவாளிகள். பேச்சு மேசையில் அது நியாயமான பண்டமாற்றாகத் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? “திருடனைப் பிடித்துக் கொடுப்பது அண்டை வீட்டாரின் கடமை. அதற்குக் கூலியாக நம் கடலைக் கொடுப்பதா?” என்ற கேள்வி ஜகார்த்தாவில் எழுந்தது. பேச்சு நடத்தியவர்கள் எந்த இணைப்பைத் தங்கள் சாமர்த்தியம் என்று நினைத்தார்களோ, அதையே விலை பேசுதல் என்று மக்கள் பார்த்தார்கள்.

குறிப்பாக, தென்சீனக் கடலில் நத்துனாத் தீவுகளை ஒட்டிய ‘பிராவோ’ பகுதி சர்ச்சைக்குள்ளானது. அங்கு சிங்கப்பூர்க் கடற்படை ஆண்டுக்கு நான்கு முறை வரை ஏவுகணைப் பயிற்சி செய்யலாம். இந்தோனீசியாவின் இசைவுடன் மூன்றாம் நாட்டுப் படைகளையும் அழைத்து வரலாம். மீனவர்கள் என்ன ஆவார்கள், கடல் வளம் என்ன ஆகும், அந்த மூன்றாம் நாடு எது என்று கேள்விகள் அடுக்கடுக்காக வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாய் மொழியிலும் இந்தோனீசிய மொழியிலும் தாயகத்தைக் குறிக்கும் சொல் ‘தானா ஆயர்’. அதாவது, மண்ணும் நீரும். தீவுகளுக்கு இடைப்பட்ட நீரெல்லாம் நாட்டின் பகுதியே என்று இந்தோனீசியா 1957இல் அறிவித்தது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட உடன்படிக்கையில் அந்தக் கொள்கை இடம்பெறும்வரை 25 ஆண்டுகள் போராடியது. அப்படிப் பெற்ற நீரில் அந்நியப் படை குண்டு போட்டுப் பழகுவது என்றால், அதைப் பயிற்சி அட்டவணையாக மட்டும் அந்த மக்களால் பார்க்க முடியுமா?

பழைய காயங்களும் இருந்தன. 1965 மார்ச் 10ஆம் தேதி, இந்தோனீசியா நடத்திய எதிர்ப்புப் போராட்டத்தின்போது, சிங்கப்பூரின் மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து மூவர் மாண்டனர். குண்டு வைத்த இரு இந்தோனீசியக் கடற்படை வீரர்கள் 1968இல் தூக்கிலிடப்பட்டனர். சிங்கப்பூருக்கு அவர்கள் கொலையாளிகள். இந்தோனீசியாவுக்குத் தேசிய வீரர்கள். 1973இல் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா சென்று அவர்களின் கல்லறைகளில் மலர் தூவினார். உறவு சீரடைந்தது. ஆனாலும் 2014இல் இந்தோனீசியா ஒரு போர்க் கப்பலுக்கு அவ்விருவரின் பெயரைச் சூட்டியபோது, அந்தக் கப்பலைத் தன் துறைமுகங்களில் அனுமதிக்கப் போவதில்லை என்று சிங்கப்பூர் அறிவித்தது. தழும்பு ஆறியது போலத் தெரிந்தாலும் தொட்டால் வலிக்கத்தான் செய்கிறது.

மறுபடியும் 2007க்கு வருவோம். உள்நாட்டு எதிர்ப்பைக் கண்ட இந்தோனீசிய அரசாங்கம், பிராவோ பகுதிக்கான விதிகளை மாற்றிப் பேச விரும்பியது. முடிந்த பேச்சை மீண்டும் திறக்க முடியாது என்றது சிங்கப்பூர். அதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. சிறிய நாட்டுக்கு ஒப்பந்தச் சொல்தான் வேலி. போட்ட கையெழுத்தை இன்று ஒருவருக்காகத் தளர்த்தினால் நாளை எல்லாரும் தளர்த்தக் கேட்பார்கள். அதிபர் யுதயோனோவின் கட்சிக்கோ நாடாளுமன்றத்தில் பத்தில் ஒரு பங்கு இடங்கள்தான். அவரால் எதிர்ப்பை மீறிச் செல்ல இயலவில்லை. நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் இரு உடன்பாடுகளும் கிடப்பில் போயின.

பிறகு எப்படி வழி பிறந்தது? 2022 ஜனவரி 25ஆம் தேதி பிந்தான் தீவில் பிரதமர் லீயும் அதிபர் ஜோக்கோ விடோடோவும் சந்தித்தபோது, தட்டில் மூன்றாவது பொருள் ஒன்றும் இருந்தது. அதுதான் வானம். ரியாவ் தீவுகளுக்கு மேல் பறக்கும் விமானங்களை 1946 முதல் சிங்கப்பூரே வழிநடத்தி வந்தது. ‘எங்கள் வானத்துக்கு அடுத்தவர் அனுமதி கொடுப்பதா’ என்பது இந்தோனீசியாவின் நெடுநாள் மனக்குறை. புதிய உடன்பாட்டில் அந்த வான்வெளி இந்தோனீசியாவின் தகவல் வட்டாரத்துக்குள் வந்தது. சாங்கி விமான நிலையப் போக்குவரத்துக்குத் தேவையான பகுதியில், 37,000 அடி உயரம் வரை சேவை வழங்கும் பொறுப்பை இந்தோனீசியாவே 25 ஆண்டுகளுக்குச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தது. குற்றவாளிகளை ஒப்படைக்கும் உடன்பாடும் புதிதாக எழுதப்பட்டு, 18 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லும்படி அமைந்தது. தற்காப்பு உடன்பாடோ அதே 2007ஆம் ஆண்டு உடன்பாடுதான்!

மூன்றும் ஒரே நாளில் நடப்புக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. யாரும் முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. கடலைக் கொடுத்துக் கைதிகளை வாங்கினார் என்ற பழி 2007இல் அதிபர் மீது விழுந்தது. 2022இல், வானத்தை மீட்டு வந்தார் என்று சொல்ல முடிந்தது. ஆளும் கூட்டணிக்கு நாடாளுமன்றத்தில் வலுவான பெரும்பான்மையும் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. 2025 ஜனவரியில், மின்னணு அடையாள அட்டை ஊழல் வழக்கில் இந்தோனீசியா தேடிவந்த ஒருவர், அதன் வேண்டுகோளின்பேரில் சிங்கப்பூரில் கைது செய்யப்பட்டார்.

ஆக, 2007இல் உடன்பாட்டை மூழ்கடித்ததும் இணைப்புதான். 2022இல் கரை சேர்த்ததும் இணைப்புதான். எதோடு எதை இணைத்தார்கள், அதைத் தம் மக்களிடம் எந்த முகத்தோடு சொல்ல முடிந்தது என்பதில்தான் வேறுபாடு. எதிர்த் தரப்பு தன் வீட்டுக்குப் போய் என்ன சொல்லப் போகிறது என்பதையும் சேர்த்து யோசிப்பவரே நல்ல பேச்சாளர். அவரை மண்டியிட வைத்து வாங்கும் கையெழுத்து, அவர் ஊர் எல்லையைத் தாண்டாது.

17 ஆண்டுத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் அமைச்சர்கள் அல்லர். திருடுபோன பணத்துக்கு நீதி கிடைக்காமல் காத்திருந்த இந்தோனீசியக் குடிமக்கள் ஒருபுறம். அருகில் கடல் இருந்தும் தொலைதூரம் சென்று பயிற்சி செய்த சிங்கப்பூர் வீரர்களும், அவர்களை வழியனுப்பிய குடும்பங்களும் மறுபுறம். அடுத்த முறை இரு தலைவர்கள் கைகுலுக்கும் படம் நாளிதழில் வரும்போது, நேயர்கள் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இருவரில் யாருக்கு வீடு திரும்பிப் பதில் சொல்வது கடினம்? அந்த உடன்பாடு நிலைக்குமா என்பது அங்கேதான் தெரியும்.